கண்ணியத்துக்கு இரண்டு அளவுகோல் கிடையாது

நம்மில் பலர் வீட்டுக் கூடத்தில் பேசத் தயங்குகிற ஒரு பொருளை இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆணை ஆண் நேசிப்பதும் பெண்ணைப் பெண் நேசிப்பதும் குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அறிவித்தார்கள். அந்தத் தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, "சரிதான், அவரவர் வாழ்க்கை அவரவருக்கு" என்று சொன்னவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் அப்படிப்பட்ட இருவர் கடற்கரை மணலில் கைகோத்து உட்கார்ந்திருந்தால்? பூங்கா பெஞ்சில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தால்? ரயில் நிலையத்தில் விடைபெறும் நேரத்தில் கட்டித் தழுவிக்கொண்டால்? அப்போது மட்டும் நம் முகம் ஏன் மாறுகிறது? அந்த முகமாற்றத்தில் நியாயம் இருக்கிறதா? இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வேர் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நம் தெருவைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். இரண்டு இளைஞர்கள் சுண்டுவிரலைச் சுண்டுவிரலோடு கோத்துக்கொண்டு நடந்து போவார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவன் தொடைமேல் கையை ஊன்றிக்கொண்டு இன்னொருவன் கதை பேசிக்கொண்டிருப்பான். திருவிழாக் கூட்டத்தில் நான்கு பேர் தோளில் கைபோட்டு ஒரே வரிசையாக வருவார்கள். மின்சார ரயிலில் கல்லூரி மாணவி தோழியின் மடியில் தலைவைத்துத் தூங்குவாள். அந்தத் தோழி அவள் கலைந்த கூந்தலைக் கோதிப் பின்னலிடுவாள், தன் தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி அவளுக்குச் சூட்டுவாள். வெளியூருக்குப் போகிற தோழியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டு வழியனுப்புகிற பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். யாராவது கண்ணை மூடிக்கொள்கிறோமா? யாராவது போலீசைக் கூப்பிடுகிறோமா? இல்லை. "எவ்வளவு பாசம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆணும் பெண்ணும் கைகோத்து நடந்தால்கூடத் திரும்பிப் பார்க்கிற நம் ஊர், ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதை இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இது நம் ஊரின் பெருமை. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இப்போது அதே இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பெஞ்ச், அதே கை, அதே தோள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் காதருகே குனிந்து, "அவங்க ரெண்டு பேரும் ஜோடி, தெரியுமா?" என்கிறார். அந்த நொடியிலிருந்து எல்லாம் மாறிப்போகிறது. சற்று முன்பு பாசமாக இருந்தது இப்போது அசிங்கமாகிறது. சற்று முன்பு புன்னகைத்த முகம் இப்போது சுளிக்கிறது. காவலாளி வந்து தடியால் பெஞ்சைத் தட்டி, "எழுந்திரு, எழுந்திரு, ஃபேமிலி வர்ற இடம்" என்கிறார். யோசித்துப் பாருங்கள், நண்பர்களே. என்ன மாறியது? கை மாறவில்லை. விரல் மாறவில்லை. தொட்ட இடமும் தொட்ட விதமும் மாறவில்லை. அவர்கள் யார் என்று நமக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அப்படியானால் நம்மை உறுத்துவது அவர்கள் செய்த செயலா, அவர்கள் இன்னார் என்பதா? செயல்தான் என்றால் முதலிலேயே உறுத்தியிருக்க வேண்டும். முதலில் உறுத்தாதது பிறகு உறுத்துகிறது என்றால், நாம் எதிர்ப்பது ஆளைத்தான். இந்த இடத்தில்தான் என் வாதம் தொடங்குகிறது.

கண்ணியம் வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. பொது இடத்துக்கென்று ஒரு கண்ணியம் வேண்டும், கட்டாயம் வேண்டும். பலரும் கூடுகிற இடத்தில் பிறர் மனம் நோகாமல் நடந்துகொள்வது நல்ல பண்பு. ஆனால் கண்ணியம் என்பது செயலை அளக்கிற கோல். சாலைச் சந்திப்பில் எரிகிற சிவப்பு விளக்கு காருக்கும் சைக்கிளுக்கும் ஒன்றுபோல எரிகிறது. வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து அது நிறம் மாறுவதில்லை. கைகோப்பது கண்ணியமானது என்றால் எல்லோருக்கும் கண்ணியமானது. ஓர் இடத்தில் முத்தமிடக் கூடாது என்றால் அந்த இடத்தில் யாருமே முத்தமிடக் கூடாது. கணவன் மனைவிக்கு ஓர் அளவு, காதலர்களுக்கு ஓர் அளவு, தன்பாலின இணையருக்கு இன்னோர் அளவு என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கண்ணியம் என்று பெயரில்லை. அது பாகுபாடு. கூடுதல் சலுகை எதையும் அவர்களுக்காக நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொருந்துகிற அளவுகோல் ஒன்றே ஒன்று போதும் என்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி ஆபாசச் செயலில் ஈடுபடுவது குற்றம் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பூங்காவிலும் கடற்கரையிலும் ஜோடிகளை மிரட்டுவதற்குக் கையில் எடுக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். ஆனால் அதை நிதானமாகப் படியுங்கள். செயல் ஆபாசமாகவும் இருக்க வேண்டும், பிறருக்குத் தொல்லையாகவும் இருக்க வேண்டும். எனக்குத் தொல்லையாக இருக்கிறது என்பதாலேயே ஒரு செயல் ஆபாசமாகிவிடாது. டெல்லியில் மெட்ரோ தூண் அருகே முத்தமிட்டதாக ஓர் இளம் தம்பதி மீது போலீஸ் இதே பிரிவில் வழக்குப் போட்டது. 2009-இல் அந்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, இளம் தம்பதியின் அன்பு வெளிப்பாடு எப்படி ஆபாசக் குற்றமாகும் என்று கேட்டார் நீதிபதி எஸ். முரளிதர். அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஏ.பி. ஷாவும் அதே முரளிதரும் அமர்ந்த அமர்வுதான், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் அந்தரங்க உறவுக்குப் பொருந்தாது என்ற முதல் தீர்ப்பைத் தந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். தம்பதியின் முத்தம் குற்றமில்லை என்று ஒரு தீர்ப்பு சொல்கிறது. தன்பாலின அன்பு குற்றமில்லை என்று இன்னொரு தீர்ப்பு சொல்கிறது. அப்படியிருக்க, தன்பாலின இணையர் கைகோத்துக்கொண்டால் மட்டும் குற்றம் எங்கிருந்து முளைக்கிறது?

"ஐயா, சட்டம் இருக்கட்டும். நம் பண்பாடு என்று ஒன்று இருக்கிறதே, அதில் அன்பை நாலு பேர் பார்க்கக் காட்டுகிற வழக்கம் இல்லையே" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அடக்கம் நம் மண்ணின் இயல்பு என்பது உண்மைதான். ஆனால் இன்று மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு வந்த ஜோடி நிற்கும். புகைப்படக்காரர், "இன்னும் கொஞ்சம் நெருங்கி வாங்க, நெத்தியோட நெத்தி ஒட்டுங்க, இடுப்பில கை வைங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பெண்ணின் அம்மா பக்கத்தில் நின்று குடை பிடிப்பார். அந்தப் படம் கல்யாண மண்டப வாசலில் பத்தடி பேனராக நிற்கும். பாட்டியும் பார்ப்பார், பேரனும் பார்ப்பான், யாரும் பண்பாடு கெட்டது என்று சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், அது மகிழ்ச்சியான காட்சி. ஆனால் அதை ஏற்றுக்கொண்ட பண்பாடு, பெஞ்சில் விரல் கோத்த இரண்டு பெண்களைப் பார்த்து மட்டும் உடைந்துபோகுமா? பண்பாடு காலத்தோடு வளர்கிறது, தேவைக்கேற்ப நெகிழ்கிறது. அந்த நெகிழ்ச்சியைச் சிலருக்கு மட்டும் மறுப்பது பண்பாட்டைக் காப்பாற்றுகிற வேலை ஆகாது.

அத்தோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தன்பாலின அன்பைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு எந்தத் தமிழ் மன்னனும் எழுதியதில்லை, எந்த ஊர்ச் சபையும் எழுதியதில்லை. அது மெக்காலே தலைமையில் தொடங்கிய சட்ட வரைவிலிருந்து வந்தது, 1860-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அந்த ஆங்கிலேயர் தங்கள் சொந்த நாட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-லேயே அந்தக் குற்றத்தின் ஒரு பகுதியை நீக்கிக்கொண்டார்கள். 2018 ஏப்ரலில் லண்டனில் காமன்வெல்த் நாடுகள் கூடியபோது, இத்தகைய சட்டங்களைப் பிற நாடுகளில் புகுத்தியதற்குப் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே வருத்தம் தெரிவித்தார். எழுதியவர்களே வருந்திவிட்டார்கள். நாம் இன்னும் அந்த வெறுப்பை நம் பாட்டன் சொத்து என்று எண்ணிக் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

அடுத்த ஆட்சேபம் இன்னும் மென்மையான குரலில் வருகிறது. "வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், வெளியில் எதற்கு?" என்கிறார்கள். கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கிறது. ஆனால் எந்த வீடு, நண்பர்களே? ஒரே அறையில் ஐந்து பேர் படுத்துறங்குகிற வீட்டில் இளைஞனுக்குத் தனிமை எங்கே இருக்கிறது? நம் ஊரில் ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் கடற்கரையும் பூங்காவும் தியேட்டருமே தனிமையைத் தருகிற இடங்கள். தன்பாலின இணையருக்கோ பல நேரம் வீடுதான் முதல் ஆபத்து. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ விரும்பினார்கள். பெற்றோர் எதிர்த்தார்கள். பெண்களைக் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். இருவரும் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். "வீட்டுக்குள் இருங்கள்" என்று இவர்களிடம் எந்த வாயால் சொல்வது? 2018 தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இதைத் தெளிவாகத் தொட்டுக்காட்டினார். அந்தரங்க உரிமை நான்கு சுவருக்குள் முடிந்துவிடுவதில்லை, அச்சமின்றிப் பொதுவெளியில் நடமாடுவதும் அதில் அடங்கும் என்பது அவர் கருத்து. அன்புக்கு அனுமதி உண்டு, ஆனால் ஒளித்துவைத்தால்தான் உண்டு என்றால் அதில் பாதி அனுமதிகூட இல்லை. ஒளித்துவைக்கச் சொல்வதே தண்டனைதான்.

அந்த மதுரைப் பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்ததை நம் சட்ட வரலாறு என்றும் நினைவில் வைத்திருக்கும். இந்தப் பொருளில் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டார், கற்றார். அதன் பிறகே 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். ஆளை மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யப்படும் போலிச் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். போலீஸ், பள்ளி, சிறை, மருத்துவம் என ஒவ்வொரு துறைக்கும் வழிகாட்டினார். அதன் பலனாக 2022-இல் தமிழ்நாடு அரசு, காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும், அவர்களுக்காக உழைப்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. உயர் நீதிமன்ற நீதிபதியே கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார் என்றால், நமக்கு மட்டும் அதில் என்ன கூச்சம்?

"குழந்தைகள் பார்ப்பார்களே" என்பது அடுத்த கவலை. பெற்றோரின் இந்தக் கவலையை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் குழந்தை உண்மையில் என்ன பார்க்கிறது? இரண்டு பேர் கைகோத்து நடந்தால் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது அன்பு மட்டும்தான். அதே இருவரைக் காவலாளி தடியைக் காட்டி விரட்ட, சுற்றியிருப்பவர்கள் சிரித்தால், அந்தக் குழந்தை வேறொரு பாடத்தைக் கற்கிறது. மனிதரை அவமானப்படுத்தலாம், கூட்டமாக இருந்தால் தைரியமாகவே அவமானப்படுத்தலாம் என்ற பாடம் அது. எது குழந்தையைக் கெடுக்கும், சொல்லுங்கள். தன்பாலீர்ப்பு நோய் அல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் முடிவெடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அதையே சொல்லிவிட்டது. பார்த்தால் ஒட்டிக்கொள்கிற தொற்று எதுவும் இதில் கிடையாது. அதோடு, அந்தப் பூங்காவில் விளையாடுகிற குழந்தைகளில் சிலர் வளர்ந்து தாங்களும் அப்படிப்பட்டவர்கள் என்று உணரப்போகிறார்கள். அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். அந்த நாளில் அவர்கள் மனத்தில் எந்தக் காட்சி எழ வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்?

கடைசி ஆட்சேபம் மிகப் பழமையானது, மிக வலிமையானதும் அதுவே. "பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை, மற்றவர்களின் உணர்வு புண்படுகிறது" என்பார்கள். தமிழர்களே, இந்தக் குரலை நாம் இதற்கு முன் கேட்டதில்லையா? 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் சிலர் நடக்கக் கூடாது என்று தடுத்தபோது சொன்ன காரணம் என்ன? அவர்கள் நடந்தால் மற்றவர்களுக்குத் தீட்டு என்றார்கள், மனம் புண்படும் என்றார்கள். அந்தச் சாலைக்காகப் போராடித்தான் பெரியார் சிறைக்குப் போனார். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன்னால் பெயர்ப்பலகையில் இருந்த சாதிப் பெயரை எதிர்த்துப் போராட்டம் நடந்ததும், உணவு விற்கிற பொது இடத்தில் ஒரு சாதிக்கு மட்டும் உயர்வு எதற்கு என்ற கேள்வியால்தான். இரண்டு கொடுமைகளும் அளவில் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக இழைக்கப்பட்ட சாதிக் கொடுமைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் "நீ இங்கே இருப்பதே எனக்கு வலிக்கிறது" என்ற வாதம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அதை அன்று ஏற்க மறுத்ததால்தான் நாம் இன்று ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

நம் அரசியல் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. அதன் 15-ஆம் கூறின் இரண்டாம் உட்பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமகனையும் அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. பாலினம் என்ற காரணத்துக்குள் பாலியல் ஈர்ப்பும் அடங்கும் என்று 2018 தீர்ப்பில் நீதிபதிகள் விளக்கினார்கள். அரசியல் சட்ட அறம் தானாக முளைக்கிற உணர்வு இல்லை, அதை நாம் முயன்று வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். பெரும்பான்மையின் பிடித்தமே சட்டம் என்றால் அரசியல் சட்டம் எதற்கு? தேர்தல் மட்டுமே போதுமே. நடிகை குஷ்பு சொன்ன ஒரு கருத்துக்காக நம் மாநிலத்தில் அடுக்கடுக்காக வழக்குகள் போடப்பட்டபோது, 2010-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ததும் இந்த அடிப்படையில்தான். சமூகத்தின் ஒழுக்கக் கருத்து ஆளுக்கு ஆள் வேறுபடும், அதற்காகக் குற்றவியல் சட்டத்தைத் தனிமனிதர் மேல் ஏவக் கூடாது என்று அது சொன்னது.

மனம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்த இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். குழந்தைகள் இருக்கும் இடம் என்று யாரோ புகார் சொல்ல, காவலர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். நம் பூங்காவில் கேட்கிற அதே வார்த்தை, பார்த்தீர்களா? ஆனால் அணி நிர்வாகம் பிறகு தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளுக்கு 5,000 டிக்கெட்டுகள் தந்தது. இன்று அதே மைதானத்தில் ஆண்டுதோறும் அவர்களுக்கென்றே ஒரு சிறப்பு இரவு நடக்கிறது, குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து ஆட்டம் பார்க்கின்றன. வானம் இடிந்து விழவில்லை. ஒரு நிர்வாகம் தன் ஊழியருக்குச் சரியானதைச் சொல்லிக்கொடுத்தது, மாற்றம் அங்கிருந்து தொடங்கியது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை சிலதான். ஓட்டல் நடத்துகிறவர்களே, தியேட்டர் நடத்துகிறவர்களே, வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள். ஆணும் பெண்ணும் செய்தால் தடுக்காத எதையும் மற்றவர் செய்தாலும் தடுக்காதே என்ற விதி. காவல்துறை நண்பர்களே, 24-சி விதி உங்கள் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, அதைப் பீட் போகிற ஒவ்வொரு காவலருக்கும் படித்துக் காட்டுங்கள். பெற்றோர்களே, பூங்காவில் இப்படிப்பட்ட ஜோடிகளை மிரட்டிப் பணம் பறிக்கிறவன் நம்பியிருப்பது உங்கள் கோபத்தை. "உன் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்" என்பதுதான் அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். உங்கள் பிள்ளை உங்களுக்குப் பயப்படவில்லை என்றால் அந்த ஆயுதம் அன்றே மழுங்கிவிடும். மாணவர்களே, பக்கத்து இருக்கையில் யாரையாவது கேலி செய்தால் உடன் சிரிக்காதீர்கள். முடிந்தால் எழுந்து, "விடுங்க, அவங்க பாட்டுக்கு இருக்காங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்தப் போராட்டத்தில் நீதிமன்றத்திடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு, நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டியவையும் உண்டு. தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தருவது சட்டமன்றங்களின் வேலை என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமணம் இல்லாவிட்டாலும் இவர்கள் குடும்பமாக வாழ முடியும் என்று 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருமண உரிமைக்கான வழி நீளமானது, அதில் நடந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒரு பெஞ்சில் இரண்டு பேர் நிம்மதியாக உட்கார எந்த மசோதாவும் நிறைவேற வேண்டியதில்லை, எந்த அமர்வும் கூட வேண்டியதில்லை. தடையாக இருப்பது நம் பார்வை மட்டும்தான். அதை மாற்றிக்கொள்கிற அதிகாரம் முழுவதும் நம்மிடம் இருக்கிறது. இன்று மாலையே அதைப் பயன்படுத்தத் தொடங்குவோம் என்று உங்கள் அனைவரையும் அன்போடு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.